சுவரடிப் பலகை

வாவியில் பட்டுத் திரும்பும் காலை வெயில் ஜன்னல் வழியே வந்து பழைய வீட்டின் சுவரில் நெளிகிறது. கேதீஸ்வரி நிலத்தில் சப்பணமிட்டு அமர்ந்து, சாந்தகப்பையால் சுண்ணாம்புச் சாந்தை அள்ளி அள்ளி அறைகிறாள். ஒவ்வொரு வீச்சுக்கும் கை வளையல் சிணுங்குகிறது. போன வெள்ளத்துக்குப் பிறகு, ஈரம் தெரியாமலிருக்கத் தம்பி உதயரூபன் பூசிவிட்ட சீமெந்து உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காகக் கழன்று, முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலைத் தாண்டி அவனே வந்து வாசலில் நிற்கிறான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். “ஏனக்கா இந்தச் சுவரோட மாரடிக்கிறாய்? இடிச்சுப்போட்டுக் காணிய விப்பம். நம்மட வீடுதானே.” அவள் திரும்பவேயில்லை. “நம்மட இல்ல, என்ட. அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. உன்ட வீடு குருக்கள்மடம் ஊரில, உன்ட பொஞ்சாதிட பேரில கிடக்கு. அத இடிப்பமா எண்டு அவவிட்டக் கேட்டியா?” அவனுடைய ஹெல்மெட் மெல்லத் தலையை விட்டு இறங்குகிறது.

அவள் எழுந்து, போன மாதமே பூசிக் காய்ந்துவிட்ட எதிர்ச்சுவரின் அடியில், கழுவித் துடைத்த பழைய சுவரடிப் பலகையைச் சாத்துகிறாள். “வந்தது வந்திட்டாய், இதப் புடி.” அவன் குந்தியிருந்து பிடிக்கிறான். அவனுடைய பெருவிரலுக்கு ஒரு நூல் தள்ளி ஆணியை வைத்து, அவள் சுத்தியலை ஓங்குகிறாள். அவன் விரலை மெல்ல இழுக்கப் பார்க்கிறான்; பலகை அசைகிறது. “ஆடாதடா,” என்கிறாள், “என்ட சுவருல பட்டிரும்.”