மாப்பிள்ளை வீட்டார் கேட்ட படம்

அப்பாவின் சிறுநீரகங்களில் இருந்த பரம்பரைக் கட்டிகள் எனக்கும் இருந்துவிட்டால்?

முதலாண்டு உடலியல் வகுப்பில் அன்று சிறுநீரகப் பாடம். ஒவ்வொரு மாணவியின் மேசைமேலும் அவளுடைய உடலே உள்ளுறுப்புகள் தெரிய ஒளியுருவமாக எழுந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆதிரை மட்டும் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் நாற்காலியிலேயே தேய்ந்துபோன அப்பாவின் முகம் இமைகளுக்குள் தெரிந்தது.

"கண்ணைத் தொறடி," என்று பக்கத்து மேசை பெனிட்டா இடித்தாள். "மொச்சைக்கொட்டை மாதிரி ரெண்டும் வழவழன்னு இருக்கு. இதுக்கா இந்த நடுக்கம்?"

ஆதிரை பார்த்தாள். ஒரு கட்டிகூட இல்லை. வருஷக்கணக்காக நெஞ்சை அடைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

வகுப்பு முடிந்ததும் அம்மாவை அழைத்துச் சொன்னாள்.

"மாரியாத்தா காப்பாத்திட்டா!" அம்மாவின் குரல் உடைந்தது. "அந்தப் படத்தை உடனே அனுப்புடி. மாப்பிள்ளை வீட்டுல ஜாதகத்தை விட்டுட்டு அதைத்தானே கேக்குறாங்க. இனி என்ன பயம்?"

ஒரு கட்டி இருந்திருந்தால், அவர்கள் தன்னோடு, அதே கட்டிகள் இருந்த அப்பாவையும் சேர்த்தல்லவா வேண்டாமென்று சொல்லியிருப்பார்கள் என்று ஆதிரைக்குத் தோன்றியது.

"பயமெல்லாம் போயிடுச்சும்மா," என்றாள் மெதுவாக. "ஆனா படத்தை அனுப்ப மாட்டேன்."