தோஷம் கழியும் வரை

சிமெண்டுத் தரையில் தகரப் பெட்டியைத் தரதரவென்று இழுக்கும் சத்தம். எத்தனை வருடமானாலும் சத்யப்ரியாவின் காதைவிட்டு அது போகவில்லை.

கல்யாணமான மறுநாள் அவளுடைய சீர்ப்பெட்டியைப் புது அறையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தவள், மாமியார் ரங்கம்மா.

“இனிமே நீ என் பக்கத்துலதான் படுக்கணும். காவேரிப்பட்டணத்து ஜோசியரப் பார்த்துட்டு வந்தேன். உன் ஜாதகத்துல தோஷமாம். பதினெட்டு முடியறதுக்குள்ள ஒண்ணு சேர்ந்தா என் மகன் உயிருக்கே ஆகாதாம்.”

சத்யப்ரியாவுக்கு அப்போது பதினாறு. சானமாவுக் காட்டோரத்து ஊரிலிருந்து நாகரசம்பட்டிக்கு வாழ வந்தவள். ஆண்கள் பேசி முடித்த கல்யாணம்; ரங்கம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமனார் வெங்கடப்பன் யார் பேச்சுக்கும் மசியாதவர். ஜோசியர் பேச்சென்றால் மட்டும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். “அவர் சொன்னா சரிதான்” என்றார்.

புருஷன் கமலக்கண்ணன் அன்று மாலையே ஓசூர் பஸ் ஏறிவிட்டான். அங்கே கம்பெனி நண்பர்களோடு ரூம்.

ஊர் சும்மா இருக்குமா? குழாயடியில் சாந்தம்மா பிடித்துக்கொண்டாள்.

“ஏன் ரங்கம்மா, நீ மருமகளக் கூட்டியாந்தியா, ஆஸ்டலுக்குப் புள்ளையச் சேர்த்தியா?”

“தோஷம்க்கா. என்ன பண்றது?”

“தோஷம் உன் மனசுலடி. மகன் முந்தானைக்குள்ள போயிடுவான்னு பயம்!”

குழாயடியே சிரித்தது. ரங்கம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அதோடும் விடவில்லை அவள். “வீட்ல உக்காந்து என் மூஞ்சியப் பார்த்துட்டிருக்காத. பதினொண்ணாவது போய்ச் சேரு” என்றாள். தாலியைச் சீருடைக்குள் ஒளித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதற்குச் சத்யப்ரியா கூசிப்போனாள்.

தட்டில் தினமும் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை. முகம் சுளித்தால் ஒரே சொல். “தின்னு.”

அவளோடு கூடவே கல்யாணமான எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்த அன்று சத்யப்ரியா வெடித்துவிட்டாள்.

“ராசி கெட்டவள்னு என்னைக் கூப்பிடக்கூட இல்ல. நாளைக்கு உங்க மகன் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டா நான் எங்க போவேன்? நீங்கல்லாம் ஒரு பொம்பளையா அத்தை?”

சுவரில் மாலை போட்டிருந்த மகள் தமிழ்செல்வியின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ரங்கம்மா. காய்ச்சலில் போனவள் என்பதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். துடைத்த கை சற்றே நின்றது.

“களி ஆறுது. தின்னு.”

பதினெட்டு முடிந்தது. பன்னிரண்டாவதும் தேறினாள். தை பிறந்ததும் ரங்கம்மாவே அந்தப் பெட்டியைத் திரும்ப அறைக்குள் இழுத்துப்போட்டாள். அதே தரதர சத்தம்.

இருபதாவது வயதில் கிருஷ்ணகிரியில் பிரசவம். “குழந்தை மூணு கிலோ. உங்களுக்கும் ரத்தம் நல்லா இருக்கு” என்றாள் நர்ஸ். ரங்கம்மா வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது சத்யப்ரியா பார்த்தது அன்றுதான்.

குழந்தைக்கு ஜாதகம் எழுத வேண்டும் என்றான் கமலக்கண்ணன்.

“எதுக்குடா அவ்ளோ தூரம்? இப்பத்தான் கம்ப்யூட்டர்லயே வருதே” என்று தடுத்துப்பார்த்தாள் ரங்கம்மா.

கேட்காமல் இருவரும் குழந்தையோடு காவேரிப்பட்டணம் போனார்கள். ஜோசியர் மாதப்பனுக்குத் தலையெல்லாம் பஞ்சாகியிருந்தது.

“என் தோஷம் குழந்தைக்கும் இருக்கா, பாருங்கய்யா” என்றாள் சத்யப்ரியா.

“என்ன தோஷம்?”

“நீங்கதானே சொன்னீங்க? நான் நாகரசம்பட்டி ரங்கம்மா மருமக.”

கிழவரின் முகம் இருண்டது.

“உன் ஜாதகத்த நான் பார்த்ததே இல்லையே தாயி. ரங்கம்மா என் வாசல மிதிச்சு வருஷக்கணக்காச்சு. கடைசியா அவ மகளுக்குப் பொருத்தம் பார்க்க வந்தா. பத்துக்குப் பத்துன்னு சொல்லி அனுப்பினேன். பொருத்தத்தப் பார்த்தேன், பொண்ணு வயசப் பார்க்கல.”

சத்யப்ரியா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

“அக்காவுக்குக் காய்ச்சல் இல்ல, சத்யா.”

குழாயடிச் சிரிப்பு, எதிர்வீட்டு வளைகாப்பு, தான் எறிந்த சொல். அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஒரு பொய்யைக் காவலுக்கு நிறுத்தி, களியும் கீரையும் போட்டுக் காத்திருந்திருக்கிறாள் ஒருத்தி. சத்யப்ரியா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

தமிழ்செல்வி தலைப்பிரசவத்தில், வயிற்றுப் பிள்ளையோடு போனவள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.