ஆற்றில் விழுந்த குண்டு

விமானத் தளத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் சாயங்காலம் அந்தக் குரல் வந்துவிடும். எதிரி நாட்டு வானொலி. "உங்க பொண்டாட்டிங்க உங்களை மறந்தே போயிட்டாங்க, மானம் இருந்தா வீடு போய்ச் சேருங்க" என்று ஒருத்தி வாய்க்கு வந்தபடி ஏசுவாள்.

அதைக் கேட்டாலே துணை விமானிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காசுக்குக் குரைக்கிற ஜென்மம்! அணைச்சுத் தொலைங்க சார்."

"திட்டிட்டுப் போறா, இருக்கட்டும்பா" என்பார் விமானி, கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டே. ரோஷமில்லாத மனுஷன் என்று துணை விமானி மனசுக்குள் காறித் துப்புவான்.

ஒருநாள் அந்த வானொலி நிலையத்தையே தகர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. துணை விமானிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விமானிதான் விசையை அழுத்தினார். குண்டு அத்தனையும் பக்கத்து ஆற்றில் போய் விழுந்தது.

அன்று சாயங்காலம் அதே குரல், இன்னும் இளக்காரமாக வந்தது.

"இன்னைக்கு எங்க ஆத்து மீனைக் கொன்னுட்டுப் போன மாவீரரே! உங்களை உங்க பொண்டாட்டிகூட மதிக்க மாட்டா!"

கூடமே தலைகுனிந்தது. விமானி மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வெக்கமா இல்லையா சார் உங்களுக்கு?" என்று சீறினான் துணை விமானி.

விமானி அவன் காதோரம் குனிந்தார்.

"சண்டைக்கு முன்னாடி அம்மாவைப் பாக்க அந்த நாட்டுக்குப் போனவப்பா. எல்லையை மூடினதும் அங்கேயே மாட்டிக்கிட்டா. அவ சொல்றது நெசந்தான். கல்யாணமான நாள்லேர்ந்து என்னை மதிச்சதே இல்லை."