முன்மாதிரி ஊர்

"நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்ல தம்பி. எதிர்வீட்டுல வேணா கேளு" என்று கதவைச் சாத்தினார் தலைமையாசிரியர்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா சீறினார். "என்னைப் பார்த்தா பைத்தியம் மாதிரியா இருக்கு? அந்த வாத்தியாரைப் போய்க் கேளு!"

மனநலக் கணக்கெடுப்பாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது. "தூக்கம் வருதா, மனசு சரியா இருக்கான்னுதானேக்கா கேட்டேன்? ஆள் இருக்குன்னு கணக்குல வந்தாத்தான் இங்க மனநல டாக்டரைப் போடுவாங்க. இல்லேன்னா ரெண்டு பஸ் மாறிப் போகணும்."

"போறவங்க போகட்டும்!"

ஊர் முழுக்க இதே பாட்டு. மேலதிகாரியோ பூரித்துப்போனார்.

"ஒருத்தர்கூட இல்லையா? நாட்டுக்கே முன்மாதிரி ஊருய்யா! உன் வீட்டையும் சேர்த்துத்தானே?"

"சேச்சே, எங்க வீட்டுல ஏது சார்?"

சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறி மனநல மருத்துவமனைக்குள் நுழைந்தார் கணக்கெடுப்பாளர். வரிசையில் இருந்த தலைமையாசிரியர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். தையல்காரம்மா கூரைக்கடியிலேயே குடையை விரித்தார்.

"இங்கயும் கணக்கெடுக்க வந்துட்டியா தம்பி?" செய்தித்தாள் பதறியது.

அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வாங்கண்ணே, மாத்திரை தீர்ந்துபோச்சா? உங்க ஊருக்கே டாக்டர் வர்றாருன்னீங்களே?"

"எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லையாம் சிஸ்டர்" என்று கடுப்போடு டோக்கனை நீட்டினார் கணக்கெடுப்பாளர்.