கரடி மிட்டாய்

எஞோனாம் மறுபடியும் தூங்கிவிட்டாள். இந்தத் தடவை சர்ச்சில், பாஸ்டர் பிசாசை விரட்டிக்கொண்டிருக்கும்போது.

பிசாசு ஓடியதோ இல்லையோ, அவள் விட்ட குறட்டை முன்வரிசை வரைக்கும் கேட்டது. கூட்டிக்கொண்டு போன டெலாலிக்கு மானம் போயிற்று.

அதற்கு முந்தின வாரம் வெண்டைக்காய்க் குழம்பைத் தீய விட்டாள். குழாயடியில் பக்கெட் நிரம்பி வழிய, பக்கத்தில் குந்தியபடியே கண்ணை மூடியிருந்தாள். கென்கே என்கிற சோள மாவு உருண்டை வாங்கப் போனவளைக் கடைக்காரம்மாதான் உலுக்கி எழுப்பி அனுப்பிவைத்தாள்.

அஷைமான் தெருவுக்கு இது போதாதா? முழுகாமல் இருக்கிறாள் என்றது ஒரு வீடு. எந்த மெக்கானிக் என்பதுவரை கண்டுபிடித்துச் சொன்னது இன்னொரு வீடு.

எஞோனாம் டெலாலிக்குச் சித்தப்பா மகள். கடலோர ஊரான கெட்டா பக்கத்திலிருந்து வந்து வீட்டு வேலையும் செய்து, டெலாலியின் நாலு வயது மகள் யாய்ராவையும் பார்த்துக்கொள்கிறாள். வருஷக் கடைசியில் ஒரு தையல் மெஷின் வாங்கித் தருவதாகப் பேச்சு. அது கிடைத்தால் ஊரில் சொந்தமாகக் கடை போடலாம். வெறுங்கையோடு போனால் பழையபடி மீனுக்குப் புகை போட வேண்டியதுதான்.

டெலாலி முடிவெடுத்துவிட்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி. இருக்குன்னு சொன்னா அங்கேருந்தே உனக்கு ஊர் வண்டி. இல்லைன்னு சொன்னாலும் வண்டிதான். தூங்குமூஞ்சிக்கெல்லாம் மெஷின் வாங்கித் தர முடியாது. பையையும் எடுத்துட்டு வந்துடு."

இத்தனைக்கும் வீட்டில் இருந்த பெரிய தலைவலி அப்போதுதான் தீர்ந்திருந்தது. படுக்கப் போட்டால் எழுந்து ஓடி, பதினோரு மணிவரை ஆட்டம் போடும் யாய்ரா இப்போதெல்லாம் ஏழரைக்கே அடங்கிவிடுகிறாள். எல்லாம் அமெரிக்காவிலிருந்து பெரியக்கா அனுப்பிய மிட்டாயின் புண்ணியம். தூக்கம் வரவைக்கிற மெலடோனின் போட்டது, குட்டிக் கரடி மாதிரி இருக்கும். அங்கே கடையில் சோப்பு சீப்போடு சேர்த்து விற்கிறார்களாம்.

முதலில் ஒன்று. ஒன்றுக்கே இப்படி என்றால் என்று இரண்டு. அப்புறம், இருக்கட்டுமே என்று மூன்று. எடுத்து எஞோனாம் கையில் கொடுத்துவிட்டு டெலாலி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஆபீஸ் முழுக்க அந்த மிட்டாயின் புகழைப் பாடியும் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அகோஃபா பரிசோதனை முடிவோடு வந்தாள்.

"வயித்துல கென்கேயைத் தவிர ஒண்ணும் இல்ல."

மலேரியாவும் இல்லை, ரத்தமும் குறையவில்லை. ஏதாவது வேர், கஷாயம், மாத்திரை விழுங்குகிறாயா என்று கேட்டதற்கு எஞோனாம் தரையைப் பார்த்தாள்.

"யாய்ராவோட மிட்டாய் மட்டும்தான்."

டெலாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடி திருட்டுக் கழுதை. பச்சப்புள்ள வாயிலேருந்து பிடுங்கியா தின்ன?"

என்ன மிட்டாய் என்று நர்ஸ் விசாரித்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. எந்த டாக்டர் கொடுக்கச் சொன்னார் என்றாள். பெரியக்காதான் அனுப்பினாள் என்றாள் டெலாலி. அது மிட்டாயே இல்லை, டாக்டரைக் கேட்காமல் பிள்ளைகளுக்குத் தரவே கூடாது, அவர் தரச் சொன்னாலும் சொன்ன அளவுக்கு மேலே போகக் கூடாது, பெரியவர்களுக்கே மறுநாளெல்லாம் மந்தமாக இருக்கும் என்றாள். முதலில் டிவியை அணைத்து, விளக்கைக் குறைத்து, தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கவைத்துப் பார்த்தாயா என்றும் கேட்டாள்.

"அமெரிக்காவுல எல்லா அம்மாவும்தான் குடுக்கிறாங்க."

"அப்ப அங்கயே கொண்டுபோய் வளர்த்துக்கோ. இங்க இருக்கிறவரைக்கும் என்னைக் கேட்டுட்டுக் குடு." நர்ஸ் எஞோனாமிடம் திரும்பினாள். "நீ ஏம்மா தின்ன?"

"மொத நாள் ஒண்ணு குடுத்தேன். காலையில எழுப்பினா எழுந்திரிக்கவே இல்ல. தண்ணி தெளிச்சு, பேரச் சொல்லிக் கத்தின பிறகுதான் கண்ணைத் தொறந்தா. எனக்கு உசுரே போயிடுச்சு. அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணுகூடக் குடுக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் டெலாலி.

"சொன்னேன் அக்கா. நீங்க டிவி பாத்துட்டிருந்தீங்க."

"தூக்கிப் போட்டிருக்கலாமே" என்றாள் நர்ஸ்.

"எங்க போட? வாசல்லாம் கோழி. அதைத் தின்னுட்டுக் கோழி செத்தா அதுக்கும் நான்தானே பதில் சொல்லணும்."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

டெலாலிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மூன்றாக எடுத்துக் கொடுத்தது அவள் கைதானே.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

"எந்த வீட்டுக்கு அக்கா?"

"நம்ம வீட்டுக்குத்தான். ஊருக்கு மெஷினோட போவியாம்."

கேட்டைத் தாண்டும்போதுதான் டெலாலிக்கு உறைத்தது.

"ஆமா, மிட்டாயே திங்காம யாய்ரா எப்படிடி ஏழரைக்குத் தூங்கினா?"

"அதைத் தின்னுட்டு நான் அவ பக்கத்துலயே விழுந்துடுவேனா, அவளும் கொஞ்ச நேரம் பாத்துட்டுத் தூங்கிடுவா. பாவம், முழிச்சிருந்தாலும் அவகூட விளையாட வீட்டுல வேற யாரு அக்கா இருக்கா?"