சிறையில் இடமில்லை

வம்சாவளிச் சான்றிதழ் இல்லாமல் கல்யாண மண்டபம்கூடக் கிடைக்காது என்று ஆன பிறகு, ஊரில் தியாகிகளுக்குப் பஞ்சமே இல்லை. பழைய பதிவேடு எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு வம்சாவளி அலுவலகத்து இயந்திரமே மனம் கோணாமல் ஒரு முன்னோரை எழுதிக் கொடுத்தது. முக்கால்வாசிப் பேர் கேட்டு வாங்கியது, வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறை போன எள்ளுத்தாத்தாவைத்தான்.

மகள் கல்யாணத்துக்காக வந்த செண்பகவல்லிக்கு அந்த உபகாரம் தேவைப்படவில்லை. அவளுடைய எள்ளுத்தாத்தா நிஜமாகவே சிறையில் இருந்தவர். நடுவில் கைதி எண் பொறித்த அவருடைய அலுமினியத் தட்டையும் விடுதலைச் சீட்டையும் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

எழுத்தர் தணிகாசலம் எண்ணைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த நம்பரை போன வருஷமே ஒரு பல் டாக்டர் குடும்பத்துக்குக் குடுத்தாச்சும்மா. அந்த ஜெயில்ல இப்ப ஒரு கொட்டடிகூட காலியில்ல."

"தட்டு எங்கிட்ட இருக்கே சார்!"

"தட்டு யார் வீட்லதான் இல்ல? அவங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கு."

அவள் முகம் வாடியதும் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. திரையை இன்னொரு முறை துழாவினார்.

"அதே ஜெயில்ல ஒரே ஒரு இடம் இருக்கும்மா. யாருமே கேக்காததால சும்மா கிடக்கு. போட்டுடட்டுமா?"

"என்ன இடம்?"

"கைதிங்கள அடிக்கிற வார்டர்."

மண்டபம் பதிவு செய்ய நாளைதான் கடைசி நாள்.

"போடுங்க" என்றாள் செண்பகவல்லி, தட்டை எண் தெரியாமல் கவிழ்த்து வைத்துவிட்டு.