ஆறடி மூன்று அங்குலத்துக்கு ஒரு தூளி

கடையில் மாட்டியிருந்த கேம்ப்பிங் தூளியை டீச்சர் களைப்போடு இழுத்துப் பார்த்தாள்.

“இது ஒன்பதடிதானே? என் வீட்டுக்காரர் ஆறடி மூணு அங்குலம். மூணு மாசமா சோஃபாவுல சுருண்டு படுத்து முதுகே போச்சு.”

“அப்போ பதினோரு அடி எடுங்கம்மா. கொஞ்சம் குறுக்கா படுத்தா முதுகு வளையாது. சார் எந்தக் காட்டுக்குப் போறார்?” என்றார் கடைக்காரர்.

“காடாவது மேடாவது! ஹால்லதான் கட்டணும். எங்க கட்டில்ல நோயாளி படுத்திருக்கார்.”

“மாமனாராம்மா?”

“இல்ல. நான் விவாகரத்து பண்ணின முதல் புருஷன். பக்கவாதம், பார்த்துக்க நாதியில்ல. வேண்டவே வேண்டாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“அப்புறம் யார்தான் கூட்டிட்டு வந்தது?”

டீச்சர் பதினோரு அடித் தூளியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இதுல படுக்கப்போறவர்தான்.”